தள்ளிப்போட்ட தவணை

(பொது நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘தடுப்பூசியின் அவசியம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அவசியம் என்பதில் இங்கே யாருக்கும் பெரிய சந்தேகம் இருக்காது. ஊசியே வேண்டாம் என்பவர்கள் இந்த அரங்கில் ஒருவர் இருவர் இருக்கலாம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் வருகிறேன். ஆனால் முக்கியமாக நான் பேச வந்தது, “போடணும்தான் டாக்டர், அடுத்த வாரம் போட்டுக்கலாம்” என்று சொல்கிறவர்களைப் பற்றி. அதாவது நம்மில் பெரும்பாலோரைப் பற்றி.

நான் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த காலமெல்லாம் ஊசியைக் கொள்கையாக எதிர்த்தவர்களை அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன். முதல் தவணையைப் போட்டுவிட்டு மூன்றாவதைத் தவறவிட்டவர்கள், ஒன்றரை வயது ஊசியை மறந்தே போனவர்கள், அட்டையைத் தொலைத்துவிட்டு மறுபடி வரக் கூச்சப்பட்டவர்கள், இவர்கள்தான் அதிகம். எதிர்ப்பவர் சத்தமாகப் பேசுவதால் செய்தியாகிறார். தள்ளிப்போடுபவர் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. நோய்க்கிருமிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. காப்பில்லாத குழந்தை எந்தக் காரணத்தால் காப்பில்லாமல் போனது என்று அது விசாரிப்பதில்லை.

கொஞ்சம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். எட்வர்ட் ஜென்னர் 1796-ல் பசு அம்மையின் நீரை ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்து, அவனுக்குப் பெரியம்மை பிடிக்கவில்லை என்று காட்டினார். ஆறே ஆண்டில் அந்த மருந்து இந்தியாவுக்கு வந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் எப்படி வந்தது தெரியுமா? மனிதர்களின் கைகளிலேயே வந்தது. ஒருவர் கையில் கீறி வைத்தால் எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் முற்றும். அந்த நீரை எடுத்து அடுத்தவர் கையில் வைக்க வேண்டும். இப்படிக் கைமாறிக் கைமாறி பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து, 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. இந்தியாவில் பலித்த முதல் தடுப்பு மருந்து அதுதான். அந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்துத்தான் மற்ற ஊர்களுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு சென்னைக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் அம்மை குத்தும் வேலையில் சாமி நாயக்கர் என்ற நம் நாட்டு மருத்துவர் முன்னின்றார்.

அந்த எட்டாம் நாளைக் கவனியுங்கள். அன்றைக்கு அடுத்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு யாரும் வரவில்லை என்றால் மருந்து அந்த ஊரில் அதோடு தீர்ந்துபோகும். மறுபடி வேறு ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும். முதல் தடுப்பு மருந்தின் உயிரே, சொன்ன நாளில் சொன்ன ஆள் வந்து நிற்பதில்தான் இருந்தது. பிறகு கன்றுக்குட்டிகளின் உடலில் அந்த நீரைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நம் கிண்டியில் 1899-ல் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் எனப்பட்ட அந்த நீரைத் தயாரிப்பதற்காகத்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மேல்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அந்த நீண்ட வேலையின் முத்திரை. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் நின்றது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பெரியம்மை போய்விட்டது. தட்டம்மை போகவில்லை. மணல்வாரி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தையைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்வோம். இதை மூடநம்பிக்கை என்று நான் கேலி செய்யமாட்டேன். நோயாளியைத் தனிமைப்படுத்தும் ஒழுக்கம் அதில் இருக்கிறது. ஆனால் தட்டம்மையிடம் இந்த ஒழுக்கம் பலிக்காது. உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தை மற்றவர்களுக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். வேப்பிலை வாசலுக்கு வரும்போது கிருமி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டிருக்கும். இருமிய குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் காற்றில் கிருமி தங்கும். நோயெதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது கணக்கு. அதனால்தான் 100 பேரில் 95 பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்கிறோம்.

“எங்க காலத்துல எல்லாருக்கும் வந்துச்சு, தானாப் போச்சு” என்று சொல்வார்கள். போனவர்கள் வந்து சொல்ல முடியாது, அது ஒரு பக்கம். பிழைத்த குழந்தைக்கும் தட்டம்மை ஒரு கெடுதல் செய்துவிட்டுப் போகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத சமூகத்துக் குழந்தைகளின் ரத்தத்தை நோய் வருமுன்னும் வந்த பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தக் குழந்தைகளின் உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம்வரை தட்டம்மை அழித்துவிட்டிருந்தது. அதனால்தான் அம்மை இறங்கிய பிறகு சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று அந்தக் குழந்தை மாதக்கணக்கில் படுத்து எழுகிறது. தாய்மார்கள் அதைத் ‘திருஷ்டி’ என்பார்கள்.

இனி, வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றி. நம் நாட்டில் தடுப்பூசியைக் கேள்வி கேட்டவர்களில் மிகப் பெரிய மனிதர் ராஜாஜி. 1955-ல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை எதிர்த்து எழுதினார், பேசினார். முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. காசநோய் இல்லாத லட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில், வீரியம் குறைத்தது என்றாலும் உயிருள்ள கிருமியை ஏற்றலாமா, அதனால் என்ன பயன் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். கிண்டியில் அதற்கு முன்பே, 1948-ல் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கி மருந்து தயாராகிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டது தப்பில்லை. அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் எப்படிப் பதில் சொன்னது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் மருந்தில்லா ஊசி. பதினைந்து ஆண்டு விடாமல் கண்காணித்தார்கள். முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. அதை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். பிறகு ஏன் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம்? பச்சைக் குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயையும், உடல் முழுக்கப் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது என்று வேறு பல ஆய்வுகள் காட்டியதால். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. ஒரு மருந்துக்கு இல்லாத பெருமையை ஏற்றாமல், இருக்கிற பயனை மட்டும் சொல்லி அதை வைத்துக்கொண்டார்கள். சந்தேகம் கேட்பவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

இன்னொரு வகைச் சந்தேகமும் உண்டு. 1998-ல் லண்டன் மருத்துவர் ஒருவர், 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார். பிறகு பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்தும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. 2010-ல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் உரிமமும் பறிபோனது. இதற்குமேல் அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

போலியோவுக்கு வருகிறேன். இளம்பிள்ளை வாதம் என்றால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல பள்ளிகளில் ஒருவராவது காலில் இரும்புக் கம்பி மாட்டிக்கொண்டு வந்த காலம் அது. சொட்டு மருந்து மேல்நாட்டில் மூன்று தவணையில் நன்றாக வேலை செய்தது. இங்கே மூன்று தவணை போட்ட குழந்தைக்கும் வாதம் வந்தது. ஏன் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நம் ஊர்க் குழந்தைகளின் குடலில் அந்த மருந்து ஒவ்வொரு தவணையிலும் குறைவாகவே பிடிக்கிறது, ஆகவே தவணைகளைக் கூட்ட வேண்டும் என்றார்கள். ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கும் முறையையும் வேலூரில் செய்து காட்டினார்கள். 1995-ல் நாடு முழுவதும் அந்த முறைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகாமில் சொட்டு மருந்து கொடுத்தது மட்டும்தான் நம் நினைவில் இருக்கிறது. உண்மையான வேலை திங்கட்கிழமை தொடங்கியது. பணியாளர்கள் வீடு வீடாகப் போவார்கள். குழந்தையின் இடது சுண்டு விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் சுவரில் சாக்பீஸால் ‘பி’ என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும் ‘எக்ஸ்’. வீடு பூட்டியிருந்தாலும் எக்ஸ், குழந்தை பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாலும் எக்ஸ், வேண்டாம் என்று சொன்னாலும் எக்ஸ். அந்த எக்ஸ் வீட்டுக்கு மறுபடி போவார்கள், பி ஆகும்வரை போவார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் ஓடும் ரயிலில் ஏறி, செங்கல் சூளைக்குப் போய், ஆற்றைக் கடந்து தேடினார்கள். 2009-ல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. உலகக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. அடுத்த ஆண்டு 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரே ஒரு குழந்தை. அதோடு முடிந்தது. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. போலியோவை ஒழித்தது மருந்து மட்டுமல்ல, விடுபட்ட வீட்டுக்குத் திரும்பப் போன கால்களும்தான்.

இனி நம் ஊர்ப் புதன்கிழமைக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர் நீல நிறப் பெட்டியோடு அங்கன்வாடிக்கு வருவார். பெட்டிக்குள் நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் குப்பிகள். குப்பியின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வெளிர் நிறத்தில் இருந்தால் மருந்து சூடுபடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். சூடுபடச் சூடுபட அது கருக்கும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அடுத்த முறை போகும்போது “கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர்” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ளமாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார்.

அப்படி ஒரு புதன்கிழமை நான் பக்கத்தில் நின்று கேட்ட பேச்சு இது. அட்டையைப் புரட்டிய செவிலியர் கேட்கிறார்: “என்ன பாட்டி, பத்தாவது வார ஊசி போடவே இல்லையே, இப்போ பிள்ளைக்கு அஞ்சு மாசமாச்சே?”

“சளியா இருந்துச்சு தாயி. பொறவு ஆடி பொறந்துருச்சு, மருமக ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. வந்ததும் மாமன் வீட்டுல காதுகுத்து. மொத ஊசிக்கே ராவெல்லாம் காய்ச்சல் அடிச்சுச்சா, விசேஷ வீட்டுல பிள்ளை அழுதா நல்லாருக்காதுன்னு...”

“வேண்டாம்னு விட்டுட்டீங்களா?”

“அய்யய்யோ, வேண்டாம்னு யாரு சொன்னா? போடணும்ல!”

பாட்டி சொன்ன ஒவ்வொரு காரணமும் நியாயமானது. எந்தக் காரணத்திலும் எதிர்ப்பு இல்லை. எல்லாம் சேர்ந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. இதில் செவிலியர் பக்கத்துக் காரணமும் ஒன்று உண்டு. ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைக்கான மருந்து இருக்கும். பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா குப்பிகளைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீதி வீண். ஒரே ஒரு குழந்தை வந்தால், “இன்னும் ரெண்டு பேர் சேரட்டும், அடுத்த புதன்கிழமை வாங்க” என்று அனுப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. திருப்பி அனுப்பினால் நீங்கள் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

சளி, லேசான இருமல், சாதாரண வயிற்றுப்போக்கு, இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் பிறந்த தேதியைக் கணக்கிட்டே போட வேண்டும். அவர்களுக்குத்தான் காப்பு அதிகம் தேவை. கடுமையான நோயும் அதிகக் காய்ச்சலும் இருந்தால் தேறும்வரை பொறுக்கலாம். முந்தைய தவணையின்போது மூச்சுத் திணறல் மாதிரி கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வளவுதான் விலக்கு.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம். உடல் பாடம் படிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் போதும். தொடையில் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், எதுவும் பூச வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடது கையில் சில வாரம் கழித்துச் சின்னப் புண் வந்து, உடைந்து, தழும்பாகும். அது சீழ்பிடித்துவிட்டது என்று பயந்து அடுத்த ஊசிக்கே வராத தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தப் புண் வருவதுதான் சரி.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம்? ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்று யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதிய கணக்கு இல்லை அது. கக்குவான் இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைக்கு வந்தால் வாரக்கணக்கில் இருமித் தீர்ப்பான். இரண்டு மாதக் குழந்தைக்கு இருமக்கூடத் தெரியாது, மூச்சு நின்று நீலம் பாரிக்கும். கக்குவானால் சாகிற குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களுக்குள்தான் சாகிறார்கள். ஆறாம் வாரத்து ஊசியை ஐந்தாம் மாதத்தில் போட்டால், எந்தக் காலத்துக்காக அந்த ஊசியோ அந்தக் காலத்தைக் காப்பில்லாமல் தாண்டியிருக்கிறோம். தாண்டிவிட்டால் அதிர்ஷ்டம்.

தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதம்வரை ஏன் தள்ளி வைத்திருக்கிறோம்? தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது குறையும் நேரம் பார்த்துப் போடுகிறோம். அதற்குள் ஆறு மாதம், எட்டு மாதக் குழந்தைக்கு யார் காப்பு? அதன் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போட்டிருக்கும் ஊசிதான்.

தொண்டை அடைப்பான் நோயில் கதை வேறு. அந்த ஊசியின் பலம் வயது ஏற ஏறக் குறையும். அதனால் ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ஒவ்வொன்று என்று வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் ஒழுங்காகப் போட்ட வீடுகளில்கூட ஐந்து வயது ஊசி விட்டுப்போகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், அட்டை பீரோவுக்குள் போய்விட்டது. 2015, 2016-ல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் கிளம்பியபோது, ஊசியே போடாதவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தைகளைவிடப் பள்ளி மாணவர்களே அதிகம். உயிரிழப்பும் நேர்ந்தது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும், அதன் நஞ்சு இதயத்துக்குப் போகும். எதிர்நச்சு மருந்தைத் தேடி அலையவேண்டிய நோய் அது.

ரூபெல்லா இன்னும் விசித்திரம். குழந்தைக்கு வந்தால் இரண்டு நாள் லேசான தடிப்பு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளிடம் இதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு எதற்கு ரூபெல்லா ஊசி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவன் பள்ளியிலிருந்து கொண்டுவரும் கிருமி கர்ப்பமாயிருக்கும் சித்திக்கு ஒட்டும்.

2017 பிப்ரவரியில் இந்தத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. எங்கோ குழந்தைகள் செத்தார்கள் என்றது. பெற்றோர் பள்ளி வாசலில் கூடினார்கள், பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீண்டது. தலைமையாசிரியர் தன் பேரப்பிள்ளைக்கு எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்காட்டிய இடங்களில் கூட்டம் அடங்கியது. வதந்தியின் வேகம் பெரிதுதான். ஆனால் தெரிந்த முகம் சொல்வதை மக்கள் கேட்கிறார்கள்.

வதந்தி ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையாக நடந்த துயரத்தையும் பேச வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. எந்தச் சொல்லாலும் அதைச் சமாதானப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு, கிராமத்தில் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்று மாற்றினார்கள். பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06-ல் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் சுமார் 81 சதவீதம். 2015-16-ல் 70 சதவீதம். அந்தச் சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, அரை நாள் காத்திருக்க வேண்டுமென்றால், எத்தனை புதன்கிழமை வருவாள்? ஊசி மறுபடி ஊருக்குள் வந்தது. 2019-21 கணக்கெடுப்பில் 89 சதவீதம். பாதுகாப்பும் வேண்டும், பக்கத்திலும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விட்டால் பள்ளம் விழும்.

அந்த 89-லும் நாம் திருப்திப்பட முடியாது. தட்டம்மை கேட்பது 95. நம் பக்கத்து நாடான இலங்கை, 2019-ல் தட்டம்மையை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. 2023-ல் அங்கே தட்டம்மை மறுபடி பரவியது. அவ்வளவு ஒழுங்கான சுகாதாரத் துறை வைத்திருக்கும் நாட்டுக்கே அந்த நிலை. கொரோனா காலத்தில் உலகம் முழுக்கத் தவணைகள் தள்ளிப்போயின. தள்ளிப்போன தவணைகள் ஓர் ஊரில் சேர்ந்தால், கிருமிக்கு அதுவே வாசல்.

நேரமாகிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

பெற்றோருக்கு: விட்டுப்போன தவணையை எண்ணி வெட்கப்பட வேண்டாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஐந்து வயதுவரை அரசு மையத்தில் போடுவார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும், வேலைக்கு வெளியூர் போனாலும் அட்டை கூடவே போக வேண்டும். எந்த ஊர் அங்கன்வாடியிலும் இலவசமாகப் போடலாம். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். எந்த ஊசி போட்டார்கள், அடுத்தது எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு: பல வீடுகளில் “இன்னிக்கு வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. “இன்னிக்கே போ” என்று சொல்லும் அதிகாரமும் உங்களுடையதே.

ஆசிரியர்களுக்கு: ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழோடு தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்காதீர்கள். விடுபட்ட பிள்ளையின் பெயரை அந்தப் பகுதிச் செவிலியரிடம் கொடுங்கள்.

முதலாளிகளுக்கு: உங்கள் பனியன் கம்பெனியிலும் சூளையிலும் வேலை பார்க்கும் தாய்க்கு ஊசி நாளில் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிறந்ததிலிருந்து ஒன்றரை வயதுக்குள் ஒரு குழந்தைக்கு அப்படிப்பட்ட நாட்கள் மிகச் சிலவே.

மருந்து இருக்கிறது, இலவசமாக இருக்கிறது, நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் இந்த மூன்றும் சேர்ந்து இருந்ததில்லை. இனி நம் ஊரில் ஒரு குழந்தை கக்குவானாலோ தட்டம்மையாலோ இறந்தால் அதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது, விதியைக் காரணம் சொல்லவே கூடாது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துப் பாருங்கள். காலியாக ஒரு கட்டம் இருந்தால், வருகிற புதன்கிழமை அதை நிரப்பிவிடுங்கள்.